பேரப்பிள்ளையின் கை முறிந்தால்: எலும்போடு விரல்களையும் கவனியுங்கள்



காலையில் மகனும் மருமகளும் வேலைக்குப் புறப்பட்டுப் போன பிறகு, பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட்டு மாலை வரை பார்த்துக்கொள்வது பல வீடுகளில் நீங்கள்தான். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று எங்கே இருந்தாலும், தோட்டத்து வீடானாலும் தாமான் வீடானாலும், பிள்ளை ரம்புத்தான் மரத்திலிருந்தோ சைக்கிளிலிருந்தோ விழுந்து அழும்போது முதலில் ஓடுவது தாத்தாவோ பாட்டியோதான்.

விழும் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ளக் கையை முன்னே ஊன்றும். உடம்பின் பாரம் முழுவதும் அந்தக் கையில் இறங்கும். அதனால்தான் பிள்ளைகளுக்கு ஏற்படும் எலும்பு முறிவுகளில் முன்கை முறிவு மிக அதிகம். முன்கை என்பது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உள்ள பகுதி.

கை வளைந்து வீங்கி இருப்பதைப் பார்த்தால் எல்லோர் கண்ணும் எலும்பின் மேல்தான் போகும். "எலும்பு எப்போது ஒட்டும்?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். பிள்ளைகளின் எலும்பு பெரியவர்களின் எலும்பைவிட விரைவாக ஒட்டிவிடும். அதோடு சேர்த்து இன்னும் இரண்டு கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சிற்றேடு: "விரல்கள் அசைகின்றனவா? விரல்களில் உணர்ச்சி இருக்கிறதா?"

எலும்பின் பக்கத்திலேயே நரம்புகள் ஓடுகின்றன. எலும்பு முறியும்போது சில பிள்ளைகளுக்கு அந்த நரம்பும் அடிபடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படி நடப்பதில்லை. நடந்தாலும் பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஒரு சில நேரங்களில், சில மணி நேரத் தாமதமே பிள்ளையின் கையை வாழ்நாள் முழுவதும் பாதித்துவிடும். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டால் நீங்கள் அந்தப் பிள்ளைக்குப் பெரிய துணை.

கைக்குள் என்ன இருக்கிறது?

முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. ஒன்று கட்டைவிரல் பக்கம், மற்றொன்று சுண்டுவிரல் பக்கம். இவற்றை ஒட்டி மூன்று முக்கிய நரம்புகள் விரல்களுக்குப் போகின்றன. மருத்துவர்கள் இவற்றை மீடியன், அல்னார், ரேடியல் என்று சொல்வார்கள்.

மீடியன் நரம்பு கையின் நடுவே போகிறது. விரல்களை மடக்கிப் பிடிப்பதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் உள்பக்க உணர்ச்சியும் இதைச் சேர்ந்தது.

அல்னார் நரம்பு சுண்டுவிரல் பக்கமாகப் போகிறது. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்ர்' என்று மின்சாரம் பாய்ந்தது போல இருக்குமே, அது இந்த நரம்புதான். விரல்களை விரித்து அகற்றுவது இதன் வேலை.

ரேடியல் நரம்பு புறங்கைப் பக்கத்தைச் சேர்ந்தது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்குவது இதன் வேலை.

நரம்பை வீட்டு மின்கம்பி போல நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்புக் கம்பி, வெளியே உறை. மூளையிலிருந்து "அசை" என்ற கட்டளை இதன் வழியாக விரலுக்குப் போகிறது. "சுடுகிறது", "குத்துகிறது" என்ற செய்தி விரலிலிருந்து இதன் வழியாகவே மூளைக்குத் திரும்பி வருகிறது.

நரம்பு எப்படி அடிபடுகிறது?

ஐந்து வழிகளில் இது நடக்கலாம்.

1. விழும்போது முறிந்த எலும்பின் முனை நரம்பை நசுக்கும் அல்லது இழுக்கும்.
2. பிறகு ஏற்படும் வீக்கம் நரம்பை அழுத்தும்.
3. எலும்பை நேராக்கும்போது, அரிதாக, நரம்பு எலும்புகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும்.
4. அறுவைச் சிகிச்சையில் கம்பியோ தகடோ வைக்கும் இடத்தில் உள்ள நரம்பு உராய்வுக்கு ஆளாகும்.
5. கட்டு அளவுக்கு மீறி இறுகினால் நரம்பும் தசையும் இரத்த ஓட்டம் இல்லாமல் வாடும்.

ஐந்தாவது காரணம் நம் கையில் உள்ளது. அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

நான்கு விரல் விளையாட்டு

வலியோடு அழும் பிள்ளையிடம் "உன் நரம்பு சரியாக இருக்கிறதா?" என்று கேட்க முடியாது. அதனால் பல நாடுகளில் மருத்துவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டையே சோதனையாகப் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம். முதலில் அடிபடாத கையால் செய்யச் சொல்லுங்கள். பிறகு அடிபட்ட கையில் விரல்களை மட்டும் அசைக்கச் சொல்லுங்கள். கையைத் தூக்கவோ திருப்பவோ வேண்டாம்.

கல்: விரல்களை மடக்கி முஷ்டி பிடிப்பது. முடிந்தால் மீடியன் நரம்பு வேலை செய்கிறது.

காகிதம்: விரல்களை நேராக நீட்டுவது. முடிந்தால் ரேடியல் நரம்பு வேலை செய்கிறது.

கத்தரிக்கோல்: ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி, கத்தரி போல அகற்றிச் சேர்ப்பது. முடிந்தால் அல்னார் நரம்பு வேலை செய்கிறது.

வட்டம்: 'ஓகே' என்று காட்டுவது போல, கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் தொட்டு வட்டம் போடுவது. வட்டம் உருண்டையாக இருக்க வேண்டும். விரல்களின் நுனி மூட்டு மடங்காமல் இரண்டும் தட்டையாக ஒட்டிக்கொண்டால் மீடியன் நரம்பின் ஒரு கிளை அடிபட்டிருக்கலாம்.

இந்த நான்காவது விளையாட்டை மறக்க வேண்டாம். அந்தக் கிளை நரம்பு தோலுக்கு உணர்ச்சி கொடுப்பதில்லை. அது அடிபட்டாலும் விரல் மரத்துப்போகாது. பிள்ளையும் குறை சொல்லாது. வட்டம் போடச் சொன்னால்தான் தெரியும். முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறியும் பிள்ளைகளுக்கு மிக அதிகமாக அடிபடுவது இந்தக் கிளைதான்.

அடுத்து உணர்ச்சி. பிள்ளையைக் கண்ணை மூடச் சொல்லி, மூன்று இடங்களில் மெல்லத் தொடுங்கள்: ஆட்காட்டி விரல் நுனி, சுண்டுவிரல் நுனி, புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள இடம். "இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

வலியாலும் பயத்தாலும் பிள்ளை விரலை அசைக்காமல் இருக்கலாம். அசைக்கவில்லை என்பதாலேயே நரம்பு அறுந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், வற்புறுத்தவும் வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பேசத் தெரியாத சின்னப் பிள்ளையிடம் ஒரு பொம்மையையோ பிஸ்கட் உறையையோ காட்டி, எந்த விரலால் பிடிக்க முயல்கிறது, எந்த விரல் சும்மா கிடக்கிறது என்று கவனியுங்கள்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

வளையல், காப்பு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள். கழற்ற முடியாவிட்டால் வெட்டிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் கை வீங்கிவிட்டால் அதே காப்பு சுருக்குக் கயிறாக மாறிவிடும். கோயிலில் கட்டிய கயிறு என்றால் கை குணமானதும் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

வளைந்த கையை இழுத்து நேராக்க வேண்டாம். இருக்கும் நிலையிலேயே, மடித்த செய்தித்தாளையோ அட்டையையோ அடியில் வைத்து, துணியால் தளர்வாகக் கட்டுங்கள். ஒரு துண்டைக் கழுத்தில் மாட்டித் தூளி போல அந்தக் கையைத் தாங்கவையுங்கள்.

காயம் இருந்து எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ள வேண்டாம். சுத்தமான துணியால் மூடுங்கள். மஞ்சள், காப்பித்தூள், தைலம் எதையும் வைக்க வேண்டாம்.

ஐஸ் வைப்பதாக இருந்தால் துணியில் சுற்றி வையுங்கள். மரத்துப்போன விரலில் ஐஸ் வைக்க வேண்டாம். குளிர் சுடுவது பிள்ளைக்குத் தெரியாது.

சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். அழுகையை நிறுத்த ஒரு கோப்பை மைலோ கொடுக்கத் தோன்றும். ஆனால் எலும்பை நேராக்க மயக்க மருந்து தேவைப்பட்டால், வயிறு நிறைந்திருக்கும் பிள்ளை காத்திருக்க வேண்டி வரும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பிள்ளை எத்தனை மணிக்கு விழுந்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

கை வளைந்திருந்தால், விரல்கள் வெளிறியிருந்தால், மரத்திருந்தால் அல்லது அசையவில்லை என்றால் நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 999 எண்ணை அழையுங்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்தில் தஞ்சோங் காராங் மருத்துவமனை உள்ளது. சபாக் பெர்ணத்தில் தெங்கு அம்புவான் ஜெமா மருத்துவமனை உள்ளது. எலும்புச் சிறப்பு மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ சுங்கை பூலோ மருத்துவமனைக்கோ அனுப்பக்கூடும். "இங்கே பார்க்காமல் எதற்கு அங்கே அனுப்புகிறார்கள்?" என்று மனம் சோர வேண்டாம். உடனே போங்கள், மறுநாள் போகலாம் என்று வீடு திரும்ப வேண்டாம்.

மருத்துவமனையில் சொல்ல வேண்டியதும் கேட்க வேண்டியதும்

பிள்ளையின் மைகிட் அட்டையையும், பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர் கையெழுத்திட வேண்டியிருக்கும். அதனால் மகனுக்கோ மகளுக்கோ முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள்.

விரலில் ஏதாவது மாற்றத்தைக் கண்டிருந்தால், யாராவது கேட்கட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கள். எலும்பை நேராக்குவதற்கு முன்பே விரல் அசையவில்லையா, அதற்குப் பிறகுதான் அசையவில்லையா என்பது மருத்துவருக்கு மிக முக்கியமான செய்தி. முன்பு நன்றாக அசைந்த விரல் பிறகு நின்றுபோனால், நரம்பு எங்கோ சிக்கியிருக்கலாம் என்று உடனே பார்ப்பார்கள். முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவர் பல நேரங்களில் நீங்கள் ஒருவர் மட்டுமே.

தமிழ் தெரிந்த தாதி இல்லையென்றால் இந்த மலாய் வாக்கியங்கள் உதவும்.

"ஜாரி சுச்சு சாயா கெபாஸ்." பேரப்பிள்ளையின் விரல் மரத்துப்போயிருக்கிறது.

"டியா தா போலே கெராக்கான் ஜாரி." அவனால் அல்லது அவளால் விரலை அசைக்க முடியவில்லை.

"தோலோங் பெரிக்சா சாராஃப் ஜாரி டியா." விரல் நரம்பைச் சோதித்துப் பாருங்கள்.

"சிமென் இனி கெத்தாட் சாங்காட்." இந்த மாவுக்கட்டு மிகவும் இறுக்கமாக இருக்கிறது.

எக்ஸ்ரே எடுக்கும்போது முழங்கையும் மணிக்கட்டும் படத்தில் வருகின்றனவா என்று கேளுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காரணத்தை ஒரு பழைய செய்தி விளக்கும்.

இத்தாலியின் மிலான் நகரில் மொந்தேஜியா என்ற அறுவை மருத்துவர் இருந்தார். 1814இல் அவர் ஒரு சிறுமியின் கையைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிந்திருப்பதாக நினைத்து அவர் கட்டுப் போட்டார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துக் கட்டை அவிழ்த்துக் கையை நீட்டியபோதுதான், கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை முழங்கை மூட்டிலிருந்து விலகியிருப்பது தெரிந்தது. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல்தான். அவர் காலத்தில் கண்ணும் கையும் மட்டுமே துணை. தம் தவறை மறைக்காமல் அவர் எழுதி வைத்ததால், இன்றும் அந்த வகை முறிவு அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

இப்படி விலகிய எலும்பின் தலைக்குப் பக்கத்தில்தான் ரேடியல் நரம்பின் ஒரு கிளை போகிறது. அது அழுத்தப்பட்டால் பிள்ளையால் விரல்களையும் கட்டைவிரலையும் மேலே தூக்க முடியாது. ஆனால் தொட்டால் உணர்ச்சி நன்றாகவே இருக்கும். விலகிய எலும்பைச் சில நாள்களுக்குள் கண்டுபிடித்தால் சரியான இடத்தில் வைப்பது எளிது. மாதக்கணக்கில் தாமதித்தால் பெரிய அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

மாவுக்கட்டுப் போட்ட முதல் இரண்டு நாள்

நாம் 'சிமெண்டு' என்று சொல்லும் மாவுக்கட்டு எலும்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் உள்ளே கை வீங்கிக்கொண்டே இருக்கும். வெளியே கட்டு விரிந்து கொடுக்காது. முதல் இரண்டு நாளில்தான் அதிகக் கவனம் தேவை.

கையைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். விரல்களை அடிக்கடி அசைக்கச் சொல்லுங்கள். பிள்ளை விழித்திருக்கும்போது சில மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு விரல் விளையாட்டை விளையாடுங்கள். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் 2 விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

வலி குறைவதற்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போவது.
வலி மருந்து கொடுத்தும் கேட்காமல் மீண்டும் மீண்டும் மருந்து கேட்பது.
காரணம் தெரியாமல் பிள்ளை பதறுவது, அமைதியில்லாமல் புரள்வது, தேற்ற முடியாமல் அழுவது.
விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தினாலே அலறுவது.
விரல் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல இருப்பது, அசையாமல் போவது.
விரல் வெளிறுவது, நீலமாவது, குளிர்ந்துபோவது.

முதல் நான்கும்தான் முதலில் வரும் அடையாளங்கள். விரல் சிவப்பாகவும் சூடாகவும் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். தசைக்குள் அழுத்தம் கூடி, உள்ளே இரத்த ஓட்டம் குறைந்த பிறகும் விரல் சிறிது நேரம் நன்றாகவே தெரியும். "அடிபட்ட கை, வலிக்கத்தான் செய்யும், காலையில் பார்க்கலாம்" என்று சொல்வது அன்பால் வரும் சொல்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் காலை வரை நேரம் இல்லை. சில மணி நேரத்துக்குள் தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். மருத்துவமனையில் கட்டை உடனே பிளந்து தளர்த்துவார்கள். அது போதாவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்து அழுத்தத்தை இறக்குவார்கள். வந்து பார்த்து ஒன்றும் இல்லையென்றால் அது நல்ல செய்தி. யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

இறுக்கிக் கட்டுவதும் உருவி விடுவதும்

தோட்டத்தில் வளர்ந்த உங்களில் பலர், டிரெசரையும் தோட்டத்து ஆஸ்பத்திரியையும் நம்பி வாழ்ந்த காலத்தை அறிவீர்கள். பெரிய மருத்துவமனை தூரத்தில் இருந்த நாளில், மூங்கில் பத்தை வைத்துக் கட்டுபவரிடமும் உருவி விடுபவரிடமும் போனவர்கள் உண்டு. அவர்களில் பலர் நல்ல மனத்தோடு உதவியவர்கள். அவர்களைக் குறை சொல்வது இங்கே நோக்கமில்லை.

ஆனால் புதிதாக முறிந்த பிள்ளையின் கையில் இரண்டு செயல்கள் ஆபத்தானவை. ஒன்று, வீங்கும் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டுவது. மற்றொன்று, முறிந்த இடத்தில் அழுத்தி உருவுவது. எலும்பின் கூர்முனை நரம்பின் அருகில் இருக்கும்போது உருவினால், நசுங்கிய நரம்பு கிழிந்த நரம்பு ஆகலாம்.

இறுகிய கட்டின் விளைவை 1881இல் ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதி வைத்தார். இரத்தம் போகாத தசை சுருங்கி நார் போல ஆகிறது. மணிக்கட்டு உள்நோக்கி மடிந்து, விரல்கள் கொக்கி போல வளைந்து நின்றுவிடுகின்றன. எலும்பு நன்றாக ஒட்டியிருக்கும். ஆனால் அந்தக் கையால் பென்சில் பிடிக்கவோ சட்டைப் பொத்தான் போடவோ முடியாது. மருத்துவமனையில் போட்ட கட்டு இறுகினாலும் இதே ஆபத்துதான். அதனால் யார் கட்டினாலும் விரல்களைக் கவனியுங்கள்.

வேறொருவரிடம் ஏற்கெனவே கட்டிவிட்டு வந்திருந்தால், திட்டுவார்கள் என்று பயந்து மறைக்க வேண்டாம். எப்போது கட்டினார்கள் என்று நேராகச் சொல்லுங்கள். விரல் மரத்தோ வலி கூடியோ இருந்தால் அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டே புறப்படுங்கள்.

நரம்பு திரும்ப எவ்வளவு காலம் ஆகும்?

1943இல் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் நரம்புக் காயங்களை மூன்றாகப் பிரித்தார். இன்றும் மருத்துவர்கள் அந்தப் பிரிவையே பயன்படுத்துகிறார்கள். முன்பு சொன்ன மின்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வகையில் கம்பி நசுங்கியது, ஆனால் அறவில்லை. செய்தி தற்காலிகமாக நின்றிருக்கும். சில நாள் முதல் சில வாரம் வரை, சிலருக்கு இரண்டு மூன்று மாதத்தில், தானாகவே திரும்பும். கை முறிந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஏற்படுவது இந்த வகைதான்.

இரண்டாவது வகையில் உள்ளே உள்ள கம்பி அறுந்திருக்கும். உறை முழுதாக இருக்கும். உறைக்குள்ளேயே நரம்பு மீண்டும் வளரும். பால்மரம் சீவியவர்களுக்கு இது புரியும். மரத்தில் கத்தி படாமல் பட்டையை மட்டும் சீவினால் புதுப்பட்டை மெதுவாக வளர்ந்து வரும். நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். காயம் விரலிலிருந்து 15 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் 150 நாள், அதாவது ஐந்து மாதம் ஆகலாம்.

மூன்றாவது வகையில் கம்பியும் உறையும் சேர்ந்து அறுந்திருக்கும். இது தானாக ஒட்டாது. நுண் அறுவைச் சிகிச்சையால் இணைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது அரிது.

எந்த வகை என்று முதல் நாளே சொல்வது கடினம். அதனால் மருத்துவர் "காத்திருந்து பார்ப்போம்" என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்வது அலட்சியம் அல்ல; நரம்புக்குத் தானாகத் திரும்ப நேரம் கொடுப்பதும் சிகிச்சைதான். ஆனால் காத்திருப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. ஒவ்வொரு வருகைத் தேதியிலும் போக வேண்டும். ஏறக்குறைய மூன்று மாதமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால், நரம்பின் வேலையை அளக்கும் சோதனையோ அறுவைச் சிகிச்சையோ தேவையா என்று மருத்துவர் முடிவு செய்வார். மாவுக்கட்டு 3 முதல் 6 வாரத்தில் கழன்றதும் "கை சரியாகிவிட்டது" என்று மீதி வருகைகளை விட்டுவிட வேண்டாம். நரம்பின் கணக்கு எலும்பின் கணக்கைவிட நீளமானது.

காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை

மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. சுடுநீர், தேநீர்க் கோப்பை, இஸ்திரிப் பெட்டி, சாமி விளக்கு ஆகியவற்றின் அருகில் அந்தக் கையை விட வேண்டாம். தினமும் விரல்களைப் பார்த்துக் கொப்புளமோ காயமோ இருக்கிறதா என்று கவனியுங்கள்.

தானாக அசையாத விரலை, இயன்முறைச் சிகிச்சையாளர் காட்டித் தந்தபடி, தினமும் மெல்ல மடக்கி நீட்டுங்கள். நரம்பு திரும்பி வரும்போது மூட்டு இறுகிப்போயிருக்கக் கூடாது.

கட்டுக்குள் அரித்தால் ஈர்க்குச்சியோ பென்சிலோ விட்டுச் சொறிய விட வேண்டாம். பவுடர் கொட்டவும் வேண்டாம். குளிக்கும்போது பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டை நனையாமல் பாருங்கள்.

நரம்பு திரும்பும்போது விரலில் எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போல இருக்கும் என்று பிள்ளை சொல்லலாம். கட்டு கழன்று வாரங்கள் ஆன பிறகு மெல்ல வரும் இந்தக் கூச்சம் பெரும்பாலும் நல்ல அடையாளம். அடுத்த வருகையில் சொல்லுங்கள். ஆனால் புதிய மாவுக்கட்டுக்குள் திடீரென்று வரும் மரப்பு அப்படியல்ல. அது உடனே போக வேண்டிய அடையாளம்.

ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: இன்று கல் முடிந்தது, காகிதம் முடியவில்லை, வட்டம் பாதி வந்தது. வாரம் ஒருமுறை இரண்டு வரி போதும். மருத்துவர் பிள்ளையைச் சில நிமிடம்தான் பார்ப்பார். தினமும் பார்ப்பவர் நீங்கள்.

நினைவில் வையுங்கள்

வளையல், காப்பு, கயிறு எல்லாவற்றையும் உடனே கழற்றுங்கள்.
இழுக்க வேண்டாம், உருவ வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம்.
கல், காகிதம், கத்தரிக்கோல், வட்டம்: நான்கையும் பாருங்கள்.
கட்டுப் போட்ட பிறகு வலி கூடினால் இரவு பகல் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.
விரல் உடனே அசையவில்லை என்று மனம் உடைய வேண்டாம். பெரும்பாலும் திரும்பி வரும்.
மருத்துவர் கொடுத்த வருகைத் தேதிகளைத் தவற விட வேண்டாம்.

இந்தச் சிற்றேட்டை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். பிள்ளைகள் நலமாக இருக்கும் ஒரு மாலையில் அவர்களோடு உட்கார்ந்து இந்த நான்கு விளையாட்டையும் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். தேவைப்படும் நாளில் அவர்களுக்கும் தெரிந்திருக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.